மலை வீட்டில் படமும் பாட்டும்: எதில் சேர்த்து வைப்பது?

வடகிழக்கு மழை ஓய்ந்து வெயில் தலைகாட்டும் டிசம்பர் கடைசியில்தான் இந்தக் கேள்வி அதிகம் வரும். மாதக்கணக்கில் திறக்காத பீரோவைத் திறந்து பார்க்கிற நேரம் அது. கோத்தகிரிப் பக்கம் ஒருவர் அப்பா காலத்துப் படுகப் பாட்டு கேசட்டுகள் இருநூறைக் கம்ப்யூட்டரில் ஏற்றத் தொடங்கினார். பாதியிலேயே லேப்டாப்பில் இடம் தீர்ந்துவிட்டது. கொடைக்கானலில் ஒரு கூட்டுக் குடும்பம், மூன்று டிவி, மூன்று ருசி. எங்கே உட்கார்ந்தாலும் எல்லாப் படமும் வர வேண்டுமாம். குன்னூர் கல்லூரி மாணவர் ஒருவர், "நாலு டிபி டிஸ்க் ஒன்று வாங்கினால் போதுமாண்ணா?" என்கிறார். கேள்வி ஒன்றுபோலத் தெரியும். மூவருக்கும் ஒரே பதில் பொருந்தாது.

என் வீடும் கோத்தகிரியில்தான். மேற்குச் சுவரை ஒட்டி நிற்கும் பீரோவில், ஜிப் வைத்த பையில் எண்பது டிவிடி வைத்திருந்தேன். ஒரு மழைக்காலம் முழுக்க அதைத் தொடவில்லை. எடுத்தபோது ஜிப் பல்லிலேயே பச்சை பூத்திருந்தது. உள்ளே பிளாஸ்டிக் உறை டிஸ்க்கின் பளபளப்பான பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு, சர்ரென்று உரிந்து வந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் நடுத்துளையைச் சுற்றிச் சிலந்தி வலைபோல் பூசணம். லேசான சோப்புத் தண்ணீரில் கழுவி, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஒவ்வொன்றாகத் துடைத்தேன். கடையில் வாங்கியவை அநேகமாக எல்லாம் ஓடின. நானே வீட்டில் எழுதிய டிவிடிகளில் பாதி ஓடவில்லை. கடை டிஸ்க்கில் தகவல் நுண்ணிய பள்ளங்களாக அச்சாகியிருக்கும். நாம் எழுதும் டிஸ்க்கில் அது ஒரு சாயப்படலம். அந்தச் சாயத்துக்கு ஈரம் ஆகாது, வெளிச்சமும் ஆகாது.

ஓடாத பாதியில் தங்கை கல்யாண வீடியோவும் இருந்தது. நல்ல வேளை, அதே டிவிடி ஒன்று கோயம்புத்தூரில் அவள் வீட்டு அலமாரியில் பட்டுச்சேலைக்கு நடுவே கிடந்தது. அது முதல் காட்சியில் இருந்து கடைசி வரை ஓடியது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒரு கீறல் இல்லை.

## முதலில் அளவுகோல்

திரும்பக் கிடைக்குமா? எனக்கு இதுதான் முதல் கேள்வி, எத்தனை டிபி என்பது அப்புறம். தியேட்டரில் ஓடிய படம் எங்காவது திரும்பக் கிடைக்கும். படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகையில் மாமா எடுத்த வீடியோ கிடைக்காது. கல்யாண வீட்டில் பாட்டி பாடியது கிடைக்காது. சேகரிப்பை முதலில் இப்படி இரண்டு ஃபோல்டராகப் பிரித்துவிடுங்கள். செலவைப் பாதியாகக் குறைக்கும் வேலை அது.

எவ்வளவு இடம்? பாட்டு சேர்ப்பவர்கள் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள். சிடி தரத்தில் சுருக்காத ஒலி நிமிடத்துக்குச் சுமார் 10.6 எம்பி. 60 நிமிட கேசட் ஒன்று 635 எம்பி. அதையே தரம் குறையாமல் ஃபிளாக் கோப்பாக மாற்றினால் ஏறக்குறைய பாதியாகும். இருநூறு கேசட்டும் 70 ஜிபியில் அடங்கிவிடும். படம்தான் இடத்தைத் தின்னும். டிவிடி ஒன்று 4.7 அல்லது 8.5 ஜிபி, புளூ-ரே 25 அல்லது 50 ஜிபி, 4கே டிஸ்க் அதற்கும் மேல். இன்னொன்று: 1 டிபி டிஸ்க்கைச் செருகினால் கம்ப்யூட்டர் 931 ஜிபி என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, அவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது.

கரண்ட் போனால்? மாநிலத்துக்கே கரண்ட் கொடுத்த மலை இது. பைக்காரா மின்நிலையம் 1932-லேயே ஓடத் தொடங்கிவிட்டது. இருந்தும் ஒரு கற்பூர மரக்கிளை கம்பி மேல் சாய்ந்தால் எங்கள் தெரு இருட்டு. டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போவதும், திரும்பி வரும்போது வோல்டேஜ் எகிறுவதும்தான் ஆபத்து. ஏப்ரல், மே மாதத்து இடி வேறு.

ஈரமும் குளிரும். ஜன்னலைத் திறந்தால் மேகம் வீட்டுக்குள் வரும் ஊர் இது. குளிர் இன்னொரு பக்கம். பெரும்பாலான ஹார்ட் டிஸ்க்குகளை 5 டிகிரிக்குக் கீழே ஓட்ட வேண்டாம் என்று தயாரிப்பாளர்களே போட்டிருப்பார்கள். ஊட்டியில் ஜனவரி உறைபனிக் காலத்தில், ஹீட்டர் இல்லாத அறை விடியற்காலையில் அந்தக் கோட்டைத் தொட்டுவிடும். உயரத்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கில் தகவலைப் படிக்கும் தலை மெல்லிய காற்று மெத்தை மேல் மிதப்பதால் காற்று மெலிந்த உயரத்தில் சிக்கல் வரும்தான். ஆனால் வழக்கமான வரம்பு 3,000 மீட்டர் சுற்றி. ஊட்டி 2,240, தொட்டபெட்டா உச்சியே 2,637.

இன்னொரு பிரதி எங்கே? வீட்டுக்குள் எத்தனை பிரதி வைத்தாலும் கூரை ஒன்றுதான். 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு பிரதி மலைக்குக் கீழே இருக்க வேண்டும்.

## ஒரு பார்வையில்

| வழி | கரண்ட் போனால் | ஈரம், குளிர் | கண்ணில் படாத செலவு |
|---|---|---|---|
| போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் | லேப்டாப் பேட்டரி தாங்கும் | டப்பாவில் வைத்தால் சரி | இரண்டாவது டிஸ்க் |
| எஸ்எஸ்டி (சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) | லேப்டாப் பேட்டரி தாங்கும் | குளிர் நல்லது | ஒரு டிபிக்கான விலை |
| நாஸ் பெட்டி (வீட்டு டிவிகளுக்கெல்லாம் பொதுவான டிஸ்க் பெட்டி) | யூபிஎஸ் இல்லாமல் கூடாது | ஓடும்வரை வறட்சியாக இருக்கும் | யூபிஎஸ், அதன் பேட்டரி, யூனிட் |
| பழைய லேப்டாப் | தானே யூபிஎஸ் | ஓடும்வரை சரி | பேட்டரி உப்புவது |
| க்ளவுட் | அங்கே பத்திரம், இங்கே எட்டாது | கவலை இல்லை | நிற்காத வாடகை |

## போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்

சட்டைப் பையில் போகும் இரண்டரை இன்ச் டிஸ்க்கைச் சொல்கிறேன். தனி அடாப்டர் கிடையாது, யூஎஸ்பி ஒயரிலேயே கரண்ட் எடுத்துக்கொள்ளும். லேப்டாப்பில் செருகியிருந்தால் வீட்டில் கரண்ட் போனதே அதற்குத் தெரியாது. மலைக்கு இது பெரிய தகுதி. மேசை மேல் வைக்கும் பெரிய மூன்றரை இன்ச் டிஸ்க்கில் ஒரு டிபிக்கான விலை குறைவாக இருக்கும். ஆனால் அது சுவர் பிளக்கை நம்பி இருப்பது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பாதிக் கோப்போடு நின்றுவிடும். எனக்கு ஒருமுறை முழு டிஸ்க்குமே "ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்டது. நாற்பது படங்களை நகர்த்திக்கொண்டிருந்தேன். காப்பி போடாமல் 'கட்' கொடுத்ததுதான் என் முட்டாள்தனம்.

ஃபார்மேட், அதாவது டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் முறை, அந்த விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பழைய டிவிகளுக்காக ஃபாட்32-ல் வைத்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பை ஏற்றவே முடியாது. எக்ஸ்ஃபாட் எல்லா இடத்திலும் ஓடும். ஆனால் பாதியில் கரண்ட் போனால் தன்னைச் சரிசெய்துகொள்ளும் குறிப்பேடு அதில் இல்லை. என்டிஎஃப்எஸ்-ல் அது உண்டு, உங்கள் டிவி அதைப் படிக்கும் என்றால் அதையே வையுங்கள்.

வைக்கும் விதத்தில்தான் இதன் ஆயுள் இருக்கிறது. பழைய பங்களாக்களில் துணி அலமாரிக்குள் இரவும் பகலும் ஒரு குண்டு பல்ப் எரியும், ஈரம் ஏறாமலிருக்க. எல்இடி வந்ததும் அந்த வித்தை செத்துப்போனது, அதில் சூடே இல்லை. இப்போது நான் வைத்திருப்பது ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகாத டப்பா, உள்ளே நிறம் மாறும் சிலிக்கா ஜெல். ஆரஞ்சு பச்சையானால் ஈரம் குடித்து முடித்துவிட்டது என்று அர்த்தம். ஓவனில் 110, 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி ஆரஞ்சாகும். சமையல் பாத்திரத்தில் வறுக்காதீர்கள்.

இதன் உண்மையான விலை ஒரு டிஸ்க்கின் விலை இல்லை, இரண்டு டிஸ்க்கின் விலை. நாலு டிபி ஒன்று வாங்க நினைத்தால் இரண்டு டிபி இரண்டு வாங்குங்கள், அல்லது நாலையே இரண்டாக வாங்குங்கள். ஒரே ஒரு டிஸ்க் என்பது சேகரிப்பு ஆகாது, அது ஒரு பந்தயம்.

## எஸ்எஸ்டி

உள்ளே சுழலும் பாகம் இல்லை. கீழே விழுந்தால் அலறத் தேவையில்லை, ஜீப்பில் போனாலும் கவலையில்லை. எஸ்எஸ்டியை வெறுமனே வைத்தால் தகவல் மறைந்துவிடும் என்று பலர் பயமுறுத்துவார்கள். அதில் உண்மை உண்டு, ஆனால் முழுக் கதை வேறு. வீட்டு எஸ்எஸ்டிக்கான தொழில்துறை வரையறை இது: எழுதும் ஆயுளை முழுக்கத் தின்று தீர்த்த பிறகும், 30 டிகிரியில், கரண்ட் இல்லாமல் ஒரு வருடம் தாங்க வேண்டும். புதிதாக வாங்கி ஒரு முறை படங்களை ஏற்றியது அதைவிடப் பல மடங்கு தாங்கும். வெப்பம் குறையக் குறைய இன்னும் நீளும். சமவெளியைவிட நம் ஊர் குளிர் இதற்குச் சாதகம். அவ்வப்போது செருகிக் கோப்புகளைத் திறந்து பாருங்கள்.

குறை இரண்டு. ஒரே கொள்ளளவுக்கு ஹார்ட் டிஸ்க்கைவிட விலை இரண்டு மடங்குக்கும் மேல். அப்புறம், ஹார்ட் டிஸ்க் சாகும் முன் டக் டக் என்று முனகி எச்சரிப்பதுண்டு. எஸ்எஸ்டி பெரும்பாலும் சொல்லாமல் போய்விடும், உள்ளிருப்பதை மீட்பதும் கஷ்டம். படக் குவியலுக்கு இது வேண்டாம். பாட்டுக்கும் குடும்ப வீடியோவுக்கும் ஒரு டிபி எஸ்எஸ்டி நல்ல முதலீடு.

ஆன்லைனில் "16 டிபி எஸ்எஸ்டி" என்று சில ஆயிரத்துக்கு விற்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டு ஒட்டியிருக்கும். கொஞ்சம் நிறைந்த பிறகு பழையதன் மேலேயே எழுதும், நீங்கள் திறந்து பார்க்கும் நாள்வரை தெரியாது.

## நாஸ் பெட்டி

கொடைக்கானல் கூட்டுக் குடும்பம் கேட்டது இதைத்தான். இரண்டு டிஸ்க் போடும் சின்னப் பெட்டி, வைஃபை ரவுட்டரோடு சேர்ந்து உட்கார்ந்துகொள்ளும். இன்டர்நெட் அறுந்தாலும் வீட்டுக்குள் எல்லா டிவியிலும் படம் வரும். மழைக்காலத்தில் மூன்று நாள் ஃபைபர் வராத ஊர்களில் இது சின்ன வரம் இல்லை. ஈரத்திலும் ஒரு நன்மை: எப்போதும் ஓடுவதால் வெதுவெதுப்பாக இருக்கும், உள்ளே பனி படியாது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஜனவரி முழுக்கப் பூனை அதன் மேலேதான் படுத்திருந்தது. காற்றோட்டத் துளையைப் பூனை அடைத்துக்கொண்டிருப்பதை ஒரு வாரம் யாரும் கவனிக்கவில்லை.

செலவைக் கூட்டிப் பார்க்கலாம். பெட்டி தனி, டிஸ்க் தனி. இரண்டு நாலு டிபி போட்டு ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமாக வைத்தால் கையில் கிடைப்பது எட்டு அல்ல, நாலு. யூபிஎஸ் கட்டாயம். அதுவும் யூஎஸ்பி ஒயரால் பெட்டியோடு பேசுவதாக இருக்க வேண்டும். பேட்டரி தீரும் முன் பெட்டி தானே அணைந்துகொள்ளும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை யூபிஎஸ் பேட்டரி மாற்ற வேண்டிவரும். இரண்டு டிஸ்க் பெட்டி 20 வாட் இழுக்கிறது என்று வைத்தால் இரண்டு மாத பில்லில் 29 யூனிட். தனியாகப் பார்த்தால் கொஞ்சம்தான், ஆனால் இலவச 100 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீட்டில் கணக்கு உதைக்கும். வாங்கும்போது எஸ்எம்ஆர் வகை டிஸ்க்கை, அதாவது தகவல் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஓடுபோல் அடுக்கி எழுதுவதை, தவிருங்கள். ஒன்று கெட்டு இன்னொன்றிலிருந்து மீட்கும்போது அது நத்தையாக ஊரும். சத்தமும் உண்டு. இரவு ஒன்பது மணிக்கு மேல் ஊரே அடங்கிவிடும் மலையில், டிஸ்க் கொறிப்பது படுக்கையறை வரை கேட்கும்.

பெரிய தவறு ஒன்று இங்கே நடக்கிறது. இரண்டு டிஸ்க் இருப்பதால் இரண்டு பிரதி இருப்பதாக நினைத்துவிடுகிறார்கள். தெரியாமல் ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டிலும் அழியும். இடி இறங்கினால் இரண்டும் போகும். அந்தக் கண்ணாடி பிம்பம், ஒரு டிஸ்க் பழுதானாலும் படம் நிற்காமல் ஓடுவதற்கு மட்டும்தான். நாஸ் வாங்குகிறவர்கள் அதோடு ஒரு போர்ட்டபிள் டிஸ்க்கும் வாங்க வேண்டும். அதற்குக் காசில்லை என்றால் நாஸ் வாங்கவும் காசில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

## பழைய லேப்டாப்

கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள், விற்க ஒன்றும் இல்லையே. அலமாரியில் கிடக்கும் பழைய லேப்டாப்பில், வீட்டு டிவிகளுக்குப் படம் அனுப்பும் ஜெல்லிஃபின் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, போர்ட்டபிள் டிஸ்க்கைச் செருகினால் நாஸ் செய்யும் வேலையில் முக்கால்வாசி முடிந்தது. யூபிஎஸ் அதன் வயிற்றிலேயே இருக்கிறது. என் வீட்டில் இப்போது ஓடுவது இதுதான். திரையில் ஓரம் உடைந்த லேப்டாப், மூடிய நிலையில், புத்தக அலமாரியின் மேல்தட்டில்.

கவனம் ஒன்றில் மட்டும். வருடம் முழுக்கச் சார்ஜரில் கிடந்தால் பேட்டரி உப்பும். 60 அல்லது 80 சதவீதத்தோடு சார்ஜ் நிற்கும்படி அமைப்பில் வைக்க முடிந்தால் வையுங்கள். மாதம் ஒருமுறை தூக்கிப் பார்த்து, மேசையில் ஆடாமல் தட்டையாக உட்காருகிறதா என்று பாருங்கள். ஆடினால் அன்றே பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும்.

## க்ளவுட்

20 எம்பிபிஎஸ் அப்லோடு வேகம் வருகிறது என்று வைப்போம். 2 டிபி படங்களை ஏற்ற இரவு பகலாக ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். நடுவில் கிளை விழாமல், குரங்கு ஒயரில் தொங்காமல் இருந்தால். ஃபைபர் திட்டங்கள் பலவற்றில் மாதம் 3.3 டிபிக்குப் பிறகு வேகம் விழும் என்பதும் நினைவிருக்கட்டும். ஆனால் அந்த இருநூறு கேசட்டின் 70 ஜிபி? எட்டு மணி நேரம். சாப்பிட்டுவிட்டுப் போட்டுப் படுத்தால் காலை டீக்கு முன் முடிந்துவிடும்.

எனவே படங்களுக்கு இதைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள், திரும்பக் கிடைக்காத ஃபோல்டருக்கு இதைவிட நல்லது இல்லை. மலைக்குக் கீழே ஒரு பிரதி என்ற தேவை உட்கார்ந்த இடத்திலேயே தீர்கிறது. வாடகை கட்டுவதை நிறுத்தினால் என்ன ஆகும் என்று முதலிலேயே படித்துக்கொள்ளுங்கள். கூகுளில் இட வரம்பைத் தாண்டிய நிலையில் இரண்டு வருடம் போனால் அழிக்க அவர்களுக்கு உரிமை உண்டு. கடவுச்சொல் வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

டிவிடி, புளூ-ரே டிஸ்க்கில் எழுதி வைப்பது பற்றி இனிமேல் பேச வேண்டாம். 2 டிபிக்கு 25 ஜிபி புளூ-ரே எண்பது வேண்டும், அந்த எண்பதும் என் ஜிப் பை போலத்தான் ஆகும்.

## சரி, யார் எதை வாங்குவது

மாணவருக்கு இரண்டு டிபி போர்ட்டபிள் டிஸ்க் இரண்டு. ஒன்று விடுதியில், இன்னொன்று சொந்த ஊரில்.

கேசட்காரருக்கு 500 ஜிபி எஸ்எஸ்டி, ஒரு போர்ட்டபிள் டிஸ்க், 100 ஜிபி க்ளவுட். அவரிடம் இன்னொன்றும் சொன்னேன்: வெள்ளையாகப் பூசணம் பூத்த கேசட்டை அப்படியே பிளேயரில் போடாதீர்கள். பிளேயரில் டேப்பைப் படிக்கும் தலையில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். நல்லவற்றை முதலில் முடித்துவிட்டுக் கெட்டவற்றுக்கு வாருங்கள், நடுநடுவே அந்தத் தலையை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். அசல் கேசட்டுகளைத் தூக்கிப் போடவும் வேண்டாம்.

கொடைக்கானல் குடும்பத்துக்கு நாஸ் தான். முதல் மூன்று மாதம் பழைய லேப்டாப்பை வைத்து ஓட்டிப் பாருங்கள் என்றேன். மூன்று டிவியிலும் உண்மையில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று தெரிந்துவிடும். பாதி நேரம் எல்லோரும் ஒரே டிவி முன்னால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகத் தகவல்.

என் டிஸ்க் இரண்டிலும் பெயிண்டால் 'அ', 'ஆ' என்று எழுதியிருக்கிறேன். 'அ' இங்கே இருந்தால் 'ஆ' கோயம்புத்தூரில் தங்கை வீட்டில். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இறங்கும்போது மாற்றிக்கொள்கிறோம். குளிர்ந்த டிஸ்க்கை மேட்டுப்பாளையம் தாண்டி உடனே வெளியே எடுத்தால், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சொம்புபோல் வியர்த்துவிடும். அதனால் ஜிப் கவரில் போட்டுத் துணிக்கு நடுவே வைத்துத்தான் கொண்டு போகிறேன். போய்ச் சேர்ந்து இரண்டு மணி நேரம் கவரைத் திறப்பதில்லை. போன பொங்கலுக்குத் தங்கை, "டிஸ்க் மட்டும் வருது, வர்க்கி எங்கேண்ணா?" என்று கேட்டாள். இப்போது டிஸ்க்குக்குப் பக்கத்தில் ஒரு பாக்கெட் வர்க்கியும் போகிறது.